நாரும் களைக்கும்!

பழனிக்குப் போகிறோம். குழந்தைக்கு முடி இறக்க வேண்டும். கூடவே பாட்டியும் வருகிறாள். பாட்டிக்கு முழங்கால் வலி. 600-க்கும் அதிகமான படிகளை அவளால் ஏற முடியாது. "ரோப் காரில் போய்விடலாம், பாட்டி" என்று சொல்லி அழைத்து வந்திருக்கிறோம்.

அடிவாரத்தில் ஓர் அறிவிப்புப் பலகை தொங்குகிறது. பராமரிப்பு வேலைக்காக ரோப் கார் நிறுத்தப்பட்டிருக்கிறது!

"நேற்று வரை நன்றாகத்தானே ஓடியது? இன்றைக்கு எதற்கு நிறுத்தினார்கள்?" என்று கோபம் வருகிறது.

கோபம் வேண்டாம். நன்றாக ஓடும்போதே நிறுத்திப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். அறுந்த பிறகு பார்த்து என்ன பயன்?

பழனியில் விஞ்ச் 1966-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியது. ரோப் கார் 2004-ஆம் ஆண்டில் வந்தது. இரண்டையும் இழுப்பது கம்பிக் கயிறு. அந்தக் கயிறு சக்கரத்தில் ஏறும்போது வளைகிறது. இறங்கும்போது நிமிர்கிறது. நாள் முழுவதும் இதே வேலை. வளைந்து வளைந்து, நிமிர்ந்து நிமிர்ந்து, கயிறு களைத்துப் போகிறது.

கயிறு களைக்குமா? களைக்கும். இரும்பு களைக்கும். மரம் களைக்கும். நாரும் களைக்கும். ஒரு வித்தியாசம் உண்டு. மனிதனுடைய களைப்பு தூங்கினால் தீரும். கயிற்றின் களைப்பு தூங்கினாலும் தீராது. அது சேர்ந்துகொண்டே போகும்.

இதை இன்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பழனி மலைத் தொடரில் விளையும் வாழையின் நாருக்கு ஒரு புதிய வேலை காத்திருக்கிறது. கண்ணாடி நாரோடு அதைச் சேர்த்துத் தகடு செய்யலாம், நாற்காலி செய்யலாம், பஸ்ஸுக்கு இருக்கை செய்யலாம் என்று விஞ்ஞானிகள் சொல்லுகிறார்கள். நல்ல செய்திதான். ஆனால் அந்த இருக்கையில் உட்காரப் போகிறவர்கள் நாம். ஆகவே, "அது எப்போது களைக்கும்?" என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு.

கம்பியை மடக்கிப் பாருங்கள்

ஒரு மெல்லிய கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். அறாது. இப்போது அதை ஒரே இடத்தில் மடக்குங்கள், நிமிர்த்துங்கள். மறுபடி மடக்குங்கள், நிமிர்த்துங்கள். சிறிது நேரத்தில் பட்டென்று முறிந்துவிடும்.

இழுத்தபோது அறாத கம்பி, மடக்கும்போது ஏன் முறிந்தது? ஒவ்வொரு தடவையும் அதன் உள்ளே மயிரிழை அளவு வெடிப்பு உண்டாகிறது. அடுத்த தடவை அது சிறிது வளருகிறது. வெளியே ஒன்றும் தெரியாது. கடைசித் தடவையில்தான் தெரியும்.

ஒரே தடவையில் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது ஒரு கணக்கு. அதே பாரத்தை எத்தனை தடவை தாங்கும் என்பது வேறொரு கணக்கு. இந்த இரண்டாவது கணக்கை மறந்ததால் உலகத்தில் பல உயிர்கள் போயிருக்கின்றன.

சுரங்கத்தில் கற்ற பாடம்

ஜெர்மனியில் ஹார்ட்ஸ் என்று ஒரு மலைப் பிரதேசம். அங்கே சுரங்கங்கள் உண்டு. அந்தக் காலத்தில் பூமிக்குள்ளிருந்து பாரம் தூக்குவதற்கு சணல் கயிறு வைத்திருந்தார்கள். ஈரத்தில் அது மக்கியது. இரும்புச் சங்கிலி போட்டார்கள். நேற்று வரை தூக்கிய சங்கிலி இன்று திடீரென்று அறுந்தது.

அங்கே அதிகாரியாக இருந்தவர் வில்ஹெல்ம் ஆல்பர்ட். அவர் சங்கிலியை மறுபடி மறுபடி இழுத்துப் பரீட்சை செய்தார். பாரம் அதிகமானதால் மட்டும் சங்கிலி அறுவதில்லை, பல தடவை இழுபட்டதாலும் அறுகிறது என்று கண்டார். அந்தப் பரீட்சையின் முடிவை 1837-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதற்கு முன்பே, 1834-ஆம் ஆண்டில், இரும்புக் கம்பிகளை முறுக்கிக் கயிறு செய்துவிட்டார். உலகத்தில் இன்று விஞ்சுகளை இழுக்கும் கம்பிக் கயிறுகளுக்கு அதுதான் பாட்டனார்!

பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. எந்த நாரைத் தள்ளிவிட்டு இரும்புக் கம்பி வந்ததோ, அந்த நாரே மறுபடியும் கயிற்றுக்குள் வந்து உட்கார்ந்தது. கம்பிக் கயிறுகள் பலவற்றின் நடுவே சணல் அல்லது கற்றாழை நார் வைத்து முறுக்குகிறார்கள். வெளியே உள்ள கம்பிகள் ஒன்றோடு ஒன்று நசுங்காமல் அது மெத்தைபோலத் தாங்குகிறது. எண்ணெயைக் குடித்து வைத்திருந்து கம்பிக்குக் கொடுக்கிறது. இரும்பும் நாரும் சேர்ந்து பிழைக்கின்றன.

வானத்தில் நடந்த விபரீதம்

ஆல்பர்ட் சொன்ன பாடத்தை உலகம் முழுவதும் கற்றுக்கொள்ளவில்லை. 1954-ஆம் ஆண்டில் "காமெட்" என்ற பிரிட்டிஷ் ஜெட் விமானங்கள் இரண்டு நடுவானத்தில் சிதறின. ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று. ஜனவரி விபத்தில் 35 பேரும், ஏப்ரல் விபத்தில் 21 பேரும் மாண்டார்கள்.

காரணம் என்ன? நிபுணர்கள் அதே ரகத்தைச் சேர்ந்த விமானம் ஒன்றைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தார்கள். விமானம் மேலே ஏறி இறங்கும்போது உடல் உப்பிச் சுருங்குமே, அதேபோல் திரும்பத் திரும்பச் செய்தார்கள். சுமார் 3,000 பயணத்துக்குச் சமமான அளவு வந்ததும் விமானத்தின் உடல் பிளந்தது. உலோகம் களைத்திருந்தது!

ஒரு தடவை தாங்கியது என்று நம்பினார்கள். எத்தனை தடவை தாங்கும் என்று முன்கூட்டியே சரியாகப் பார்க்கவில்லை. 56 உயிர்கள் போயின.

மண் சுவரில் இருக்கிறது விஞ்ஞானம்

இனி நம் நாருக்கு வருவோம்.

கிராமத்தில் மண் சுவர் எழுப்பும்போது மண்ணில் வைக்கோலைப் போட்டு மிதிக்கிறார்கள். ஏன்? வெறும் மண் காய்ந்தால் வெடிக்கும். வைக்கோல் மண்ணை இழுத்துப் பிடிக்கும். மண்ணும் வைக்கோலும் தனித்தனியே இருந்தால் பலம் இல்லை. சேர்ந்தால் சுவர். இதைத்தான் விஞ்ஞானிகள் கலப்புப் பொருள் என்கிறார்கள்.

நம் கடற்கரையில் "பைபர் படகு" ஓடுகிறதே, அதுவும் இப்படித்தான். அங்கே வைக்கோலுக்குப் பதில் கண்ணாடி நார். மண்ணுக்குப் பதில் ரசாயனப் பிசின். கண்ணாடியை உருக்கி, மயிரைவிட மெல்லிசாக இழுத்து, அந்த நாரைப் பிசினில் தோய்த்துப் படகு செய்கிறார்கள்.

கண்ணாடி நார் பலமானது. ஆனால் பாரம் அதிகம். அதை உருக்கப் பெரிய உலை வேண்டும். செடி நாரோ கண்ணாடி நாரைவிட இலேசானது. மண்ணும் மழையும் வெயிலும் இருந்தால் போதும், தானாக விளைகிறது.

செடி நாரை இப்படி உபயோகிப்பது புதிதல்ல. கிழக்கு ஜெர்மனியில் "டிராபன்ட்" என்று ஒரு கார் இருந்தது. 1957 முதல் 1991 வரை செய்தார்கள். அதன் மேல்கூட்டைப் பஞ்சுக் கழிவையும் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்தார்கள். நம் வாழைக்கு ஒரு சகோதரி பிலிப்பைன்ஸ் நாட்டில் இருக்கிறாள். அபாகா என்று பெயர். அவளுடைய நாரை மெர்சிடிஸ் பென்ஸ் கம்பெனி தன் காரின் அடிப்பாகத் தகடு ஒன்றுக்கு உபயோகித்தது. நம் நாட்டிலும் 1980-களிலேயே திருவனந்தபுரம் ஆராய்ச்சிக்கூடத்தில் தென்னை நாரையும் வாழை நாரையும் பிசினோடு சேர்த்துப் பார்த்தார்கள்.

பழம் பழனிக்கு, தண்டு குப்பைக்கு

பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் போனவர்கள் மலை வாழையைப் பார்த்திருப்பார்கள். விருப்பாட்சி வாழை என்றால் ஊர் அறிந்த பெயர். பழனி பஞ்சாமிர்தத்துக்கு மணம் கொடுப்பது இந்தப் பழம்தான். 2008-ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பஞ்சாமிர்தத்துக்கு 2019-ஆம் ஆண்டில் கிடைத்தது.

பெயர் பெரிது. ஆனால் பயிரிடுகிறவன் பாடு பெரும்பாடு. முடிக்கொத்து நோய் வந்து மலை வாழைத் தோட்டங்களை நாசம் செய்தது. முன்பு மலை முழுவதும் வாழையாக இருந்த இடங்களில் இன்று வாழை குறைந்துவிட்டது. மிஞ்சியிருக்கும் தோட்டக்காரனுக்கு ஒரு ரூபாய் கூடக் கிடைத்தாலும் அது பெரிய உதவி.

வாழை ஒரே ஒரு குலைதான் தள்ளும். குலையை வெட்டியதும் மரத்தைச் சாய்த்துவிடுகிறார்கள். பூக்காரி பூக்கட்டக் கொஞ்சம் நார் எடுத்துக்கொள்வாள். மற்றதெல்லாம் தோட்டத்திலேயே கிடந்து மக்குகிறது.

அந்த மரத்துக்குள் இருக்கிறது நார். 100 கிலோ மரத்தில் ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றரைக் கிலோ கிடைக்கும். பாக்கி பெரும்பாலும் தண்ணீர். இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. தண்ணீரை லாரியில் ஏற்றி, மலைப்பாதையில் இறக்கிக் கொண்டுவந்தால் கட்டுப்படி ஆகாது. நார் உரிக்கும் யந்திரம் மலைக்குப் போக வேண்டும். வாழை மலையிலிருந்து இறங்கக் கூடாது. நார்தான் இறங்க வேண்டும்.

கொழுக்கட்டை மாதிரி

வாழை நாரை மட்டும் வைத்துத் தகடு செய்தால் என்ன? செய்யலாம். ஆனால் பலம் குறைவு. ஈரமும் பட்டால் மோசம். கண்ணாடி நாரை மட்டும் வைத்தால் பாரம் அதிகம். ஆகவே இரண்டையும் சேர்க்கிறார்கள்.

எப்படிச் சேர்ப்பது? கொழுக்கட்டை மாதிரி! மேலே மாவு, உள்ளே பூரணம். மேல் பக்கமும் கீழ்ப் பக்கமும் கண்ணாடி நார். நடுவே வாழை நார்.

இதற்குக் காரணம் உண்டு. ஒரு பலகையை வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் இழுபடும். மறு பக்கம் நசுங்கும். நடுப்பாகத்துக்கு அவ்வளவு வேலை இல்லை. ஆகவே அதிக பலம் உள்ள நார் வெளியே. குறைந்த பலம் உள்ள நார் உள்ளே. மழையும் பனியும் நேராக வாழை நார் மேல் படாமல் கண்ணாடி நார் சட்டைபோல மூடிக்கொள்கிறது.

ஒரே நுகத்தில் இரண்டு மாடு

இப்போது நாம் கேட்ட கேள்விக்கு வருவோம். இந்தக் கலப்புத் தகடு எப்படிக் களைக்கும்?

ஒரே நுகத்தில் பலத்த மாடு ஒன்றும், சாதாரண மாடு ஒன்றும் கட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். பலத்த மாடுதான் அதிகம் இழுக்கும். ஆனால் அது நெடுந்தூரம் போகப் போக மிகவும் தளர்ந்துவிடும். சாதாரண மாடு முதலிலேயே கொஞ்சம்தான் இழுக்கும். ஆனாலும் அது தளர்வது மெதுவாகத்தான்.

கண்ணாடி நாரும் செடி நாரும் இப்படித்தான். கண்ணாடி நார்த் தகட்டுக்கு விஞ்ஞானிகள் ஓர் உத்தேசக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு தடவை 100 கிலோ தாங்குகிற தகடு, 10 தடவை என்றால் 90 கிலோதான் தாங்கும். 100 தடவை என்றால் 80 கிலோ. இப்படியே தடவை பத்துப் பத்து மடங்காகப் பெருகும்போது பலம் பத்துப் பத்தாகக் குறைகிறது. 10 லட்சம் தடவை என்றால் 40 கிலோதான்!

செடி நார்த் தகடு தாங்கும் பாரம் முதலிலேயே குறைவு. ஆனால் அது குறைகிற வேகமும் குறைவு. இரண்டையும் சேர்த்தால் எப்படி இருக்கும் என்பது அடுக்கும் முறையைப் பொறுத்தது. நாரின் தரத்தைப் பொறுத்தது. முக்கியமாக, பிசின் எவ்வளவு நன்றாகப் பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

எண்ணெய்ப் பிசுக்குள்ள சுவரில் சுண்ணாம்பு அடித்தால் ஒட்டுமா? ஒட்டாது. வாழை நார் மேலும் மெழுகும் பசையும் உண்டு. அதைக் காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, காயவைத்துத்தான் பிசினில் தோய்க்க வேண்டும். கழுவாவிட்டால் பிடிப்பு இல்லை. அளவு மீறிக் கழுவினால் நாரே கெட்டுவிடும். சமையலில் உப்பு மாதிரி!

பிடிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும்? முதலில் பிசினில் சிறு வெடிப்பு. அப்புறம் நார் பிசினை விட்டு விலகும். அப்புறம் அடுக்கு அடுக்காகப் பிரியும். கடைசியில் நார் அறும்.

ஆனாலும் கடவுள் ஒரு கருணை வைத்திருக்கிறார். கயிற்றுக் கட்டிலைப் பாருங்கள். அது ஒரே நாளில் அறுவதில்லை. முதலில் தொய்கிறது. கலப்புத் தகடும் பெரும்பாலும் அப்படியே. முறிவதற்கு முன்னால் விறைப்புக் குறைந்து தொய்வு காட்டும். பார்க்கத் தெரிந்தவன் கண்ணுக்கு அது எச்சரிக்கை.

கொடைக்கானல் பனி கேட்கும் கேள்வி

இன்னொரு எதிரி இருக்கிறது. அது ஈரம்.

செடி நாருக்குத் தாகம் அதிகம். தண்ணீரைக் குடிக்கும், உப்பும். காய்ந்தால் சுருங்கும். உப்பிச் சுருங்கி, உப்பிச் சுருங்கி, பிசினின் பிடியைத் தளர்த்திவிடும். மேலே கண்ணாடி நார்ச் சட்டை போட்டிருந்தாலும், அறுத்த ஓரத்திலும் திருகாணி போட்ட துவாரத்திலும் ஈரம் நுழையும்.

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு பஸ் ஏறுகிறது. கீழே வெயில். மேலே பனி. கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். வழி நெடுக வளைவு. ஒவ்வொரு வளைவிலும் இருக்கை ஒரு பக்கம் சாய்கிறது. மறு பக்கம் சாய்கிறது. ஒரு பயணத்தில் 1,000 குலுக்கல் என்று வைத்துக்கொள்வோம். தினம் நான்கு பயணம். 250 நாளில் 10 லட்சம் குலுக்கல் ஆகிவிடும்!

ஆகவே சமவெளியில், காய்ந்த அறையில் பரீட்சை செய்து, "நல்ல தகடு" என்று முத்திரை குத்தினால் போதாது. நனைத்துப் பார்க்க வேண்டும். காயவைத்துப் பார்க்க வேண்டும். மறுபடி நனைத்துப் பார்க்க வேண்டும். பிறகு 10 லட்சம் தடவை வளைத்துப் பார்க்க வேண்டும்.

இது நடக்காத காரியம் அல்ல. ஒரு விநாடிக்கு 5 தடவை வளைக்கும் யந்திரம் இருந்தால், 10 லட்சம் தடவைக்கு இரண்டு நாளும் ஏழரை மணி நேரமும் போதும். இன்னும் வேகமாக வளைத்தால் தகடு உள்ளுக்குள் சூடாகி, பொய்யான பதில் சொல்லும். பொறுமை வேண்டும். ஒரு தகடு போதாது. பல தகடுகளைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் வாழை நார் தொழிற்சாலைச் சரக்கு அல்ல. மரத்துக்கு மரம், பட்டைக்குப் பட்டை அதன் பலம் மாறும்.

செய்ய வேண்டியது என்ன?

நம் பொறியியல் கல்லூரிகளில் வாழை நார், கற்றாழை நார் பற்றி ஆராய்ச்சி நடக்கிறது. திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. திண்டுக்கல் பக்கத்திலேயே காந்திகிராமப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அறிவுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் "எவ்வளவு பாரம் தாங்கியது" என்று சொல்கிற அளவுக்கு, "எத்தனை தடவை தாங்கியது, எவ்வளவு ஈரத்தில் தாங்கியது" என்றும் உரக்கச் சொல்ல வேண்டும்.

முதலாவதாக, நார் உரிக்கும் யந்திரங்களை மலைக் கிராமங்களுக்குக் கொண்டுபோக வேண்டும். மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்தால் நூறு குடும்பம் பிழைக்கும். தரம் பிரித்து, தரத்துக்கு ஏற்ற விலை கொடுக்க வேண்டும்.

இரண்டாவதாக, ஈரத்திலும் பனியிலும் தகடுகளைக் களைக்க வைத்துப் பார்க்கும் பரீட்சைக்கூடம் மலைக்கு அருகிலேயே வேண்டும். இதை சர்க்கார் செய்ய வேண்டும். வாழைக்காரனால் முடியாது.

மூன்றாவதாக, இத்தகைய பொருளை விற்கிறவர்கள், எத்தனை கிலோவை எத்தனை தடவை தாங்கும் என்பதைத் தமிழில் அச்சிட்டு ஒட்ட வேண்டும். மருந்து பாட்டிலில் தேதி போடவில்லையா? அதுபோல.

அதுவரை என்ன செய்வது? கதவு செய்யுங்கள். தட்டு செய்யுங்கள். மேஜைப் பலகை செய்யுங்கள். உடைந்தால் பலகை போகும், உயிர் போகாது. பரீட்சையில் தேறிய பிறகு பஸ்ஸுக்கு ஏற்றுங்கள்.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாழை நார் மக்கும். கண்ணாடி நாரும் பிசினும் மக்காது. இரண்டையும் ஒட்டவைத்த பின் பிரிப்பது கஷ்டம். ஆகவே "இது இயற்கைச் சரக்கு" என்று தம்பட்டம் அடித்து விற்பது நியாயம் ஆகாது. நீண்ட நாள் உழைத்தால்தான் இந்தக் கலப்புக்கு அர்த்தம் உண்டு. நீண்ட நாள் உழைக்குமா என்பதைச் சொல்லப் போவது களைப்புப் பரீட்சைதான்.

பாட்டிக்கு ஒரு பதில்

மறுபடியும் பழனி அடிவாரத்துக்கு வருவோம். பாட்டி இன்னும் அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"கயிறு களைத்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள், பாட்டி. விஞ்ச் ஓடுகிறது. அதில் போகலாம், வாருங்கள்" என்று சொல்லுங்கள். அவளுக்குப் புரியும். எழுபது வருஷம் உழைத்தவளுக்குக் களைப்பு என்றால் என்ன என்று நாமா சொல்லித்தர வேண்டும்?

உழைக்கிற பொருளையும் கேட்க வேண்டும், உழைக்கிற மனிதனைக் கேட்பதுபோல: "இன்னும் எவ்வளவு முடியும்?" முறிந்த பிறகு கேட்டால் பதில் வராது. முறிவதற்கு முன்னால் கேட்போம்.